சாயாத புகை

முதலில் உங்கள் ஜன்னலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கீழே இடது மூலையில் காற்று வருகிறது. நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து என் கணுக்காலைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு சாண் ரப்பர் பட்டை ஒட்டினால் நின்றுபோகும். போலீஸ் ஸ்டேஷனும் அரசாங்கக் கட்டடம்தானே என்று விட்டிருப்பீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை, பட்டது, சொன்னேன்.

நடந்ததை என் சொந்த வார்த்தைகளில் சொல்லச் சொன்னீர்கள். சொந்த வார்த்தை என்றால் எனக்குத் தமிழ்தான். ஆங்கிலமும் நன்றாகவே வரும், கிண்டியில் பொறியியல் படித்தவன். ஆனால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீங்கள் இரண்டு தடவை காதைத் திருப்புகிறீர்கள். வாக்குமூலம் அப்படித் தடுக்கித் தடுக்கிப் போகக்கூடாது. மொழிபெயர்க்க உங்களுக்குக் கையோடு கிடைத்த ஒரே தமிழர் உமாபதி. உங்களுக்கு ஃபோன் போட்டதும் அவர்தான், இப்போது மொழிபெயர்ப்பதும் அவர்தான். அது முறையா என்று நான் கேட்கப் போவதில்லை. கணக்கு வாத்தியார், கூட்டாமல் குறைக்காமல் சொல்வார். நடுநடுவே பெருமூச்சு விடுகிறார், அதை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டாம்.

என் பெயர் தட்சிணாமூர்த்தி. இறைச்சிக் கம்பெனிகளுக்குக் குளிர்ப்பதனக் கிடங்கு கட்டிக்கொடுக்கும் நிறுவனத்தில் இன்ஜினியர். மாட்டிறைச்சி சாப்பிடாதவன் மாட்டுக்கு வீடு கட்டுகிறான் என்று அங்கே கேலி செய்வார்கள். செய்யட்டும். வேலை என்னவோ சுலபமானது: வெளியே இருக்கும் சூடு உள்ளே வரக்கூடாது, வந்தால் சரக்கு கெட்டுவிடும். நான் கட்டிய கிடங்கில் சரக்கு கெட்டது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமைக் குழு உமாபதியின் யோசனை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், லண்டன் வழியாக வந்தவர். இந்த ஊரில் தமிழர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான் என்பதால் சனிக்கிழமைதோறும் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடுவோம். பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, பெரியவர்களுக்கு வம்பு. கணப்புக்கு ஊற்றும் எண்ணெய் விலை ஏறியதும் அந்தப் பாதிரியார் வந்து, அக்கம்பக்கத்தில் தனியாக இருக்கும் வயதானவர்கள் வீட்டைச் சூடாக்க வழியில்லாமல் ஓவர்கோட்டோடு படுக்கிறார்கள் என்று சொன்னார். உமாபதிக்கு மனசு கேட்கவில்லை. எங்களுக்கு இடம் கொடுத்த நாட்டுக்கு நாங்களும் ஏதாவது செய்ய வேண்டாமா என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தார். வம்பு பேசிக்கொண்டிருந்தவர்கள் கையில் ஆளுக்கொரு பசைத் துப்பாக்கி வந்தது அப்படித்தான்.

கதவு ஓரத்தில் ரப்பர் பட்டை, ஜன்னல் சந்தில் பசை, கண்ணாடிமேல் பிளாஸ்டிக் தாள், பரண்மேல் கண்ணாடிப் பஞ்சு. இவ்வளவுதான் வேலை. எனக்கோ இது என் தொழிலையே சட்டைபோலத் திருப்பிப் போட்ட மாதிரி இருந்தது. அங்கே சூடு உள்ளே வரக்கூடாது, இங்கே வெளியே போகக்கூடாது. முதல் நாளே என்னைத் தலைமை தாங்கச் சொல்லிவிட்டார்கள். நானாகக் கேட்கவில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

காற்று எந்தச் சந்து வழியாகப் போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் சிரமம். மெழுகுவத்தி பிடித்துப் பார்த்தோம், ஒரு மூதாட்டியின் சரிகைத் திரை பற்றிக்கொண்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, வீடு கொஞ்ச நேரம் கதகதப்பாக இருந்தது என்றார். அடுத்த வாரம் என் மனைவி அகிலாண்டேஸ்வரியின் பூஜை அலமாரியிலிருந்து ஊதுபத்திக் கட்டை எடுத்துப்போனேன். ஒன்றைக் கொளுத்தி, சுவர் ஓரமாக மெல்ல நடந்தால் போதும். சந்து இருக்கும் இடத்தில் புகை சாயும். சந்து இல்லை என்றால் ஒரு முழம் உயரத்துக்கு நேராக நிற்கும், கோடு போட்ட மாதிரி. விலை உயர்ந்த கருவிகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அந்த வயதானவர்கள் இதை எங்கள் மதச் சடங்கு என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நிற்பார். இன்னொருவர் நான் மூலை மூலையாகப் போகும்போது பின்னாலேயே வந்து சிலுவை போட்டுக்கொள்வார். சடங்கினால்தான் வீடு சூடாகிறது என்று தெருவில் பேச்சுப் பரவி, பசையெல்லாம் வேண்டாம், அந்தப் புகைக்காரரை மட்டும் அனுப்பினால் போதும் என்று ஃபோன் வரும். நான் யாரையும் திருத்தவில்லை. என்னைப் பார்த்தாலே அவர்களுக்கு நிம்மதி, அதை ஏன் கெடுப்பானேன்.

உமாபதிக்கும் எனக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துவராது. புகை கொஞ்சம் சாய்ந்தால் அவர் போதும், பரவாயில்லை என்பார்.

"காணும் அண்ணை, வாங்கோ. அந்த மனுசி குளிர் விட்டுச் சிரிக்குது. புகை சரிஞ்சால் சரியட்டும்."

மனுசி சிரிக்கிறாளா என்பது அளவுகோல் இல்லை. சாய்கிற புகை சாய்கிற புகைதான். எனக்கு அது மனசில் முள்ளாக நிற்கும், திங்கட்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் நிற்கும். அதனால் என் வீட்டையாவது சரியாக வைத்துக்கொள்வோம் என்று செயின்ட் ஜேம்ஸ் டவுனில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டை அடைத்தேன். சமையலறை விசிறி ஓட்டை, குளியலறைக் காற்றுத்துளை, ஒன்றையும் விடவில்லை. பொங்கலுக்குத் தாளித்த கடுகின் வாசனை மாசி வரைக்கும் எங்களோடு இருந்தது. என் மனைவி அகிலா முதலில் முந்தானையால் விசிறிக்கொண்டாள். பிறகு ஒரு நாள் சால்வையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எனக்கு மூச்சு முட்டுதுங்க. நான் கீழ லாபியில போய் உக்காந்துக்கறேன்."

அன்று முதல் தினமும் போய் உட்கார்ந்தாள். கட்டடக் காவலாளி அவள் யாரையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிறாள் என்று நினைத்து அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தாராம். அவள் வீட்டைவிட்டுக் கீழே போனதும் புகை இன்னும் கொஞ்சம் நேராக நின்றது. ஒரு வீட்டில் காற்றை அசைப்பது சந்துகள் மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது மிஸ்டர் டாகெட்டுக்கு வருகிறேன்.

பெர்சி டாகெட் தெருவில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்காரை ஓட்டி ஓய்வு பெற்றவர். எண்பது தாண்டியவர், மனைவி இல்லை, பிள்ளை இல்லை. எங்கள் பேட்டைக்குப் பக்கத்தில் கேபேஜ்டவுனில் ஒட்டு வீடுகளின் வரிசையில் அவருடையது கடைசி, அதனால் மூன்று பக்கமும் காற்று அடிக்கும். என் பெயரை மூர்த்தி என்று சுருக்கிச் சொன்னேன், அவர் அதை மர்ஃபி என்ற அயர்லாந்துப் பெயராகப் பிடித்துக்கொண்டார். அயர்லாந்துக்காரன் இவ்வளவு கறுப்பாக இருந்து பார்த்ததில்லை என்று சொல்லிச் சிரிப்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் என்னிடம் அவர்மேல் என்ன பகை என்று கேட்டீர்கள்.

அவர் வீட்டை ஒரே சனிக்கிழமையில் அடைத்து முடித்தோம். போண்டா சாப்பிட்டார், எல்லோருக்கும் கை கொடுத்தார். அடுத்த வாரம் நான் மட்டும் போய் ஊதுபத்தி கொளுத்தினால் புகை படுத்துக்கொண்டு ஓடுகிறது. தேடிப் பார்த்தால், தெருப்பக்கத்து ஜன்னலை ஒரு விரல் அகலத்துக்குத் தூக்கி வைத்திருக்கிறார். பிளாஸ்டிக் தாளைக் கத்தியால் அழகாகக் கீறியிருக்கிறார்.

ஏன் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். ஸ்ட்ரீட்கார் போகும் சத்தம் கேட்க வேண்டும் என்றார். எந்த வண்டி நேரத்துக்கு வருகிறது, எந்த டிரைவர் திருப்பத்தில் பிரேக்கை அழுத்துகிறான், எல்லாம் படுத்தபடியே அவருக்குத் தெரியுமாம். கடைசி வண்டி போன பிறகுதான் தூக்கம் வருமாம். ஒரு விரல் அளவு போதும் மர்ஃபி, அதை மட்டும் விட்டுவிடு, மற்றதெல்லாம் உன் இஷ்டம் என்றார். உமாபதியும் அவர் பக்கம்தான்.

"உது அவரின்ர வீடு அண்ணை. அந்த மனுசன் ஒரு விரலளவு கேக்கிறார், விட்டால் என்ன?"

ஒரு விரல் என்பது உமாபதிக்கு ஒரு விரல். எனக்கு அது ராத்திரி பகலாக வெளியே கொட்டுகிற சூடு. ஆனாலும் நான் முரட்டுத்தனமாக எதுவும் செய்யவில்லை. டேப் ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு பார்லிமென்ட் தெரு முனையில் பனியில் நின்று, போகிற வருகிற ஸ்ட்ரீட்கார்களின் சத்தத்தை ஒரு கேசட் முழுக்கப் பிடித்தேன். மூக்கு நுனி மரத்துப்போனது. கேசட்டைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

"நல்லா இருக்கு மர்ஃபி," என்றார். "ஆனா இந்த வண்டி எங்கேயும் போகலையே."

அடுத்த வாரமும் ஜன்னல் ஒரு விரல் திறந்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஜன்னலுக்குத் திருகாணி போட்டேன். அவர் கதவில் தபால் போடும் துளையின் மூடியைத் தூக்கி, துணி உலர்த்தும் கிளிப்பைச் சொருகி வைத்தார். துளையைப் பலகை வைத்து அடைத்தேன். அதற்கடுத்த வாரம் போனால், பழைய கணப்பு அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், புகைபோக்கி வழியாகச் சத்தம் வருகிறதாம். முகமெல்லாம் கரி. நான் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, புகைபோக்கியில் கண்ணாடிப் பஞ்சு திணித்தேன். அவர் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். எங்களுக்குள் ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்றும் கிடைக்காமல் போகவே, ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு வாசல்கதவையே விரியத் திறந்து வைத்து நடுவில் நிற்கத் தொடங்கினார். முழுக் கதவு. நான் தெருமுனையில் திரும்பும்போதே பார்த்துவிட்டேன். மாசக்கணக்கில் நாங்கள் மிச்சம் பிடித்த சூடு மொத்தமும் அவர் தோளுக்கு மேலாக வெளியே போய்க்கொண்டிருந்தது. அவர் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்.

அன்று வீடு திரும்பும் வழியில் அமைதியாக யோசித்தேன். அந்த வீட்டில் ஒழுகும் இடம் ஜன்னல் இல்லை, துளை இல்லை, கதவும் இல்லை. மிஸ்டர் டாகெட்தான். எந்த இன்ஜினியரும் ஒழுகும் இடத்தைத்தான் அடைப்பான்.

தப்பாக நினைக்காதீர்கள், அவருடைய நன்மைக்காகத்தான் யோசித்தேன். ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருந்தாலே நூறு வாட் பல்பு அளவுக்குச் சூடு விடுகிறான். கிடங்கில் உள்ளே நின்று வேலை செய்யும் ஆட்களின் சூட்டை நாங்கள் தொல்லையாகக் கணக்கில் எடுப்போம். இங்கே அதுவே வரவு. வீட்டுக்குள் ஒரு சின்ன அறை, நான்கு பக்கமும் தக்கைப் பலகை, நல்ல கதவு. அதற்குள் ஓர் ஆள் இருந்தால் எண்ணெயே வேண்டாம், மின்சாரம் வேண்டாம், அவர் சூட்டிலேயே அவர் வாழலாம். நாட்டில் எத்தனை வயதானவர்கள் ஓவர்கோட்டோடு படுக்கிறார்கள். ஒரே ஒரு அறையில் செய்து காட்டிவிட்டால் இந்தக் கஷ்டமே தீர்ந்தது. இதைக் கேட்டு உமாபதி சிரித்தார், நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து.

எங்கள் கம்பெனி ஒரு பழைய இறைச்சிக் கிடங்கைப் பிரித்துக்கொண்டிருந்தது. தக்கைப் பலகைகளையும் கதவையும் கேட்டேன், குப்பைதானே என்று எடுத்துப்போகச் சொன்னார்கள். டாகெட்டின் பின்கட்டு அறைக்குள் அவற்றை வைத்துக் கட்டினேன். அவர் மறுத்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆணி எடுத்துக் கொடுத்தார், பலகையைத் தாங்கிப் பிடித்தார். அறையின் அளவைப் பார்த்துவிட்டு, இது ஸ்ட்ரீட்கார் டிரைவர் நிற்கும் இடம் மாதிரியே இருக்கிறது என்று குதூகலப்பட்டார். பழைய மர வண்டிகளை உடைத்தபோது கேட்டு வாங்கி வைத்திருந்த மணி ஒன்று அவரிடம் இருந்தது, காலால் மிதித்து அடிப்பது. அதைத் தரையில் பொருத்தித் தரச் சொன்னார். பொருத்தினேன். ஒரு நாற்காலியும் போட்டேன். உட்கார்ந்து மணியை மிதித்துக்கொண்டே அவர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கதவு மட்டும் கொஞ்சம் படுத்தியது. இறைச்சிக் கிடங்குக் கதவுகளில் வெளியே பெரிய இரும்புப் பிடி இருக்கும். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் தள்ளித் திறக்க ஒரு தண்டு இருக்கும், கதவைத் துளைத்துக்கொண்டு போகும். அந்தத் துளை மொச்சைக்கொட்டை அளவுதான். ஆனால் ஊதுபத்தியை அங்கே கொண்டுபோனால் புகை ஒரு மயிரிழை சாய்ந்தது. மற்ற எல்லா இடத்திலும் நேராக நின்ற புகை, அந்த ஓர் இடத்தில். உங்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. நான் கதவைக் கழற்றி என் வேனுக்கு எடுத்துப்போய், தண்டை உருவிவிட்டுத் துளையைப் பசையால் அடைத்தேன்.

மிஸ்டர் டாகெட் அதைக் கவனிக்கவில்லை. உமாபதி கவனித்தார். கதவு அப்போது வேனில் கிடந்தது.

"உது இறைச்சிக் கிடங்குக் கதவெல்லோ அண்ணை? உள்ளுக்குப் பிடி எங்க?"

"போட்டுடறேன் உமாபதி," என்றேன்.

பொய் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். எப்போதாவது போடலாம் என்ற எண்ணம் இருந்தது. காற்றுப் போகாத பிடி ஒன்றை யாராவது கண்டுபிடித்தால்.

ஒரு சோதனை பாக்கி இருந்தது. மிஸ்டர் டாகெட்டை உள்ளே உட்காரவைத்து, எதுவும் வேண்டுமென்றால் மணியை மிதிக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தி வெளியே நின்றேன். சத்தமே இல்லை. நல்ல மனுஷர், பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். திறந்து பார்த்தால் முகம் சிவந்து, மூச்சு வாங்க, மணியை விடாமல் மிதித்துக்கொண்டிருக்கிறார். கதவைச் சாத்தியதிலிருந்து மிதிக்கிறாராம். எனக்கு ஒரு சொட்டுக்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

ஐயா, உமாபதி நிறுத்திவிட்டார். உமாபதி, அப்படியே சொல்லுங்கள், எதையும் விழுங்க வேண்டாம். தண்ணீர் வேண்டுமானால் குடித்துவிட்டுச் சொல்லுங்கள்.

சரி. போன சனிக்கிழமை. ஒரு வாரம் முழுக்க அறை தன் சூட்டிலேயே நிற்கிறதா என்று பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. அகிலாவிடம் புளியோதரை கிளறித் தரச் சொன்னேன், அது கெட்டுப்போகாது. யாருக்கு இவ்வளவு, ஊரையே கூப்பிட்டிருக்கிறீர்களா என்று கேட்டாள். சனிக்கிழமைக் குழுவுக்கு என்றேன். பெரிய தூக்கு நிறைய அடைத்துக் கொடுத்தாள். ஃபிளாஸ்க்கில் தண்ணீர், ஒரு டார்ச், டேப் ரிக்கார்டர், ரப்பர் மூடி போட்ட ஒரு வாளி. மின்சாரக் கம்பி இழுத்தால் அதற்கொரு துளை போட வேண்டும், அதனால் டார்ச்.

மிஸ்டர் டாகெட் தன் பழைய டிரைவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார். தூக்கைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு மத்தியானத்துக்கு இவ்வளவு சோறா மர்ஃபி என்று கேட்டார். எங்கள் வழக்கம் அப்படித்தான் என்றேன். அதில் பொய் இல்லை, நம் ஆட்கள் விருந்தாளிக்கு அளந்து வைப்பதில்லை. மாலையில் வந்து திறப்பதாகச் சொன்னேன். அதுவும் உண்மைதான். எந்த மாலை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தார். கதவு சாத்தும்போது, கடைசி வண்டிக்கு முன்னால் வந்துவிடு என்றார். பிடியை அழுத்தினேன். நல்ல பாரமான கதவு, மெதுவாக வந்து பொருந்தும், அந்தச் சத்தம் எனக்கு எப்போதும் பிடிக்கும். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். இனி அது வேண்டாமே.

அந்த வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன். பனிப்புயல் வந்தது உங்களுக்கே தெரியும், ஒரு நாள் ஸ்ட்ரீட்கார் ஓடவே இல்லை. ஜன்னல் திறந்திருந்தாலும் அவருக்குக் கேட்க ஒன்றும் இருந்திருக்காது, இதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். வாசலில் என் ஃபோன் நம்பரை ஒட்டியிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் அதைப் பார்த்துக் கூப்பிட்டார். தட்டினால் கிழவர் வரவில்லை, அவருடைய ரேடியோ சத்தமும் கேட்கவில்லை என்றார். கேட்காது அம்மா, அதுதான் வேலையின் தரம் என்று விளக்கினேன். ஒரு தடவை போய்ப் பார்க்கக்கூடாதா என்றார். பார்த்தால் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் சோதனை கெட்டுவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மிஸ்டர் டாகெட்டை இரண்டாம் முறை சிரமப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. உமாபதியும் நடுவில் ஒரு தரம் கிழவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். சூடாக இருக்கிறார் என்றேன். கணக்குப்படி அப்படித்தான் இருக்க வேண்டும்.

இந்தச் சனிக்கிழமை போனபோது உமாபதியும் கூட வந்தார். அந்த அம்மாள் அவரையும் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். உமாபதி பின்கட்டுக்கு வந்து கதவைப் பார்த்தார், உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்டார். நான் ஊதுபத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்து சட்டென்று உள்ளே போய்ச் சாத்திக்கொண்டேன். கதவு திறந்திருக்கும்போது எடுக்கும் சோதனை செல்லாது. உமாபதி வெளியே கதவைத் தட்டினாராம், கத்தினாராம், பிடி எந்தப் பக்கம் அழுத்துவது என்று தெரியாமல் திண்டாடினாராம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

தீக்குச்சி இரண்டு தடவை அணைந்துபோனது. தீப்பெட்டி நமுத்திருந்தது. மூன்றாவது குச்சி அழுதுகொண்டே பற்றியது, ஊதுபத்தி கொளுத்தினேன். மிஸ்டர் டாகெட் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார், தொப்பி மடியில் இருந்தது. வலது கால் மணிமேல் இருந்தது. பழக்கதோஷம் என்று நினைக்கிறேன். கதவோரத்து ரப்பரை ஒரு விரல் அகலத்துக்கு நகத்தால் பிய்க்கப் பார்த்திருக்கிறார், மேல்தோல் மட்டும்தான் வந்திருந்தது. நல்ல ரப்பர். நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஊதுபத்தியைக் கதவோரமாகப் பிடித்தேன், அந்தப் பிய்த்த இடத்திலும் பிடித்தேன். பிறகு அவருடைய முகத்துக்கு நேராகப் பிடித்தேன். எங்கும் சாயவில்லை. ஒரு முழம், ஒன்றரை முழம், கூரை வரைக்கும் நேராகப் போனது. எத்தனை வீடு ஏறி இறங்கியிருக்கிறேன், அப்படி ஒரு புகையை நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் அழுதேன் என்று உமாபதி உங்களிடம் சொன்னது இதைத்தான். அப்போது அவர் கதவைத் திறந்துவிட்டார், புகை கலைந்துவிட்டது.

அறைக்குள் காற்றுப் போதாமல் இறந்திருக்கிறார் என்று உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். படித்தவர், அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த அறையிலிருந்து ஒரு துளிக் காற்றும் வெளியே போகவில்லை, அதற்கு நான் உத்தரவாதம். போகாத காற்று எப்படிக் குறையும்? என் தவறு என்று ஏதாவது எழுதியே ஆக வேண்டுமென்றால் புளியோதரையை எழுதிக்கொள்ளுங்கள். கால்வாசிகூடக் குறையவில்லை. அவருக்குப் புளிப்பு ஒத்துக்கொள்ளுமா என்று முன்கூட்டிக் கேட்டிருக்க வேண்டும்.

மற்றபடி நீங்கள் கேட்டதற்கெல்லாம் ஆம் என்றே எழுதலாம். தண்டை உருவியது நான். கதவை வெளியே சாத்தியது நான். மணி கேட்காது என்று தெரிந்துதான் சாத்தினேன். அந்த அம்மாள் கேட்டும் திறக்காமல் இருந்தது நான். கையெழுத்துப் போட எனக்கு ஒரு தடையும் இல்லை.

ஆனால் ஒன்றை நீங்கள் யாரும் விசாரிக்கவில்லை. நான் உள்ளே போனபோது அந்த அறை சில்லென்று இருந்தது. மிஸ்டர் டாகெட்டின் கையைத் தொட்டுப் பார்த்தேன், அதுவும் சில்லென்று இருந்தது. ஒரு சந்து இல்லை, ஒரு துளை இல்லை, உள்ளே ஓர் ஆள் முழுசாக உட்கார்ந்திருக்கிறார். அப்படியிருக்க அத்தனை சூடும் எங்கே போயிற்று?

உமாபதி எழுந்துபோய் உங்கள் ஜன்னலைத் திறக்கிறார். மூச்சு முட்டுகிறதாம். பாருங்கள், என் கணுக்கால் வரைக்கும் வந்துவிட்டது. இதே மாதிரிதான் நடந்திருக்கிறது. நடுவில் யாரோ வந்து அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். மிஸ்டர் டாகெட்டைக் கொன்ற அந்த ஆளை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.